ஆரோக்கிய நாள் விழா வேண்டாம். செவ்வாய்ச் சுண்டலும் வெள்ளிக்கிழமைச் சாயங்காலமும் போதும்

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு உதவிபெறும் நடுநிலைப் பள்ளி, எட்டாம் வகுப்பு வரை 180 பிள்ளைகள். இந்த வருஷம்தான் நீங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு வந்திருக்கிறீர்கள். போன வருஷம் அங்கே 'ஆரோக்கிய நாள்' என்று ஒன்று நடத்தி, டாக்டரைக் கூப்பிட்டுப் பேச வைத்து, ஓவியப் போட்டி வைத்து, ஜெயித்தவர்களுக்குச் சாக்லேட் பெட்டி கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் பள்ளி வாசல் கடையில் அதே கூட்டம், கையில் அதே பாக்கெட். பிள்ளைகள் நல்லதாகச் சாப்பிடவும், வீட்டுப் பெரியவர்களோடு சேர்ந்து ஓடியாடி விளையாடவும் என்ன செய்யலாம், அதிகம் செலவும் ஆகக்கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் 31 வருஷம் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். விசில் ஊதியே பாதி வாழ்க்கை போனது. நீங்கள் சொல்கிற மாதிரி விழாக்களை நானே நடத்தியிருக்கிறேன், ஒன்றிரண்டு இல்லை, வருஷா வருஷம். அதில் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, பெரியவர்கள் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதையும் அவர்களோடு மண்ணில் இறங்கி விளையாடுவதையும் ஆரம்பித்த பிறகுதான் எங்கள் பள்ளியில் ஏதோ நகர ஆரம்பித்தது. அதுவரை நடந்ததெல்லாம் போட்டோவுக்குத்தான்.

முதலில் சாப்பாடு. எங்கே பசி இருக்கிறது என்று பார்க்காமல் எதையும் தொடங்காதீர்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 15.09.2022 அன்று மதுரையில் ஆரம்பித்தது, 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது, 2024 ஜூலையில் கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. ஆக உங்கள் பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வரை படிக்கிற பிள்ளைகள் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ சாம்பாரோடு சாப்பிட்டுவிட்டுத்தான் வகுப்பில் உட்காருகிறார்கள். ஆறு, ஏழு, எட்டு? அவர்களுக்கு அது இல்லை. அம்மா நூறு நாள் வேலைக்கோ சித்தாள் வேலைக்கோ காலையிலேயே கிளம்பிவிட்டால், ஆறாம் வகுப்புப் பையன் ஒரு டீயைக் குடித்துவிட்டு, கையில் 10 ரூபாயோடு வருவான். 11 மணி இடைவேளையில் அவன் அந்த 10 ரூபாய்க்கு இரண்டு 5 ரூபாய் பாக்கெட் வாங்குவது வாய்க்கொழுப்பினால் இல்லை, பசியினால். இதைப் புரிந்துகொள்ளாமல் 'பாக்கெட் சாப்பிடாதே' என்று அவனிடம் சொல்வது அநியாயம். ஒரு வாரம் சும்மா கவனியுங்கள், எந்த வகுப்பில் எத்தனை பேர் காலையில் சாப்பிடாமல் வருகிறார்கள் என்று. சத்தம் போடாமல், பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லாமல், வகுப்பு டீச்சர் தனித்தனியாகக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

எங்கள் பள்ளியில் நாங்கள் முதலில் செய்த தப்பு, திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளுக்கும் தின்பண்ட அட்டவணை போட்டு எல்லா வீட்டுக்கும் அனுப்பியது. திங்கள் பழம், செவ்வாய் சுண்டல், புதன் முளைகட்டிய பயறு, இப்படி. பார்க்க அழகாக இருந்தது. இரண்டு வாரம் ஓடியது. மூன்றாம் வாரம் ஒரு அம்மா என்னிடம் வந்து, 'டீச்சர், நான் காலையில ஏழு மணிக்கு வேலைக்குப் போகணும், இந்த அட்டவணையால எம்பிள்ளை பள்ளிக்கூடத்துக்கே வரமாட்டேங்குறான், டப்பா இல்லாம வந்தா வெட்கமா இருக்காம்' என்று சொன்னார். அன்றைக்கே அட்டவணையைக் கிழித்தோம். அதற்குப் பதிலாக ஒரே ஒரு நாள், செவ்வாய்க்கிழமை, சுண்டல். அதுவும் வீட்டிலிருந்து வேகவைத்துக் கொண்டுவர வேண்டாம். திங்கள்கிழமை ஒவ்வொரு வகுப்புப் பிள்ளையும் ஒரு கைப்பிடி பயறு கொண்டுவர வேண்டும், இருக்கிறவர்கள் இரண்டு பிடி, இல்லாதவர்கள் சும்மா வரலாம், யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. தட்டைப்பயறு ஒரு வாரம், கொண்டைக்கடலை ஒரு வாரம், மொச்சை ஒரு வாரம், பச்சைப்பயறு ஒரு வாரம். சாயங்காலம் பெரிய பாத்திரத்தில் ஊற வைத்தோம், மறுநாள் சத்துணவு சமையலம்மா மதியச் சோற்றுக்கு அடுப்பு மூட்டும்போது அதையும் வேகவைத்து, கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, தேங்காய் துருவிப் போட்டுத் தருவார். அந்தத் தாளிப்பு வாசம் எட்டாம் வகுப்பு வரைக்கும் வரும். 11 மணிக்கு எல்லா வகுப்பும் வேப்பமரத்தடியில் வரிசையாக உட்காரும், டீச்சர்களும் பிள்ளைகளோடு தரையில்.

ஒரே கொப்பரையில் வெந்ததை எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 'ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பண்டம் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடலாம்' என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதில் எந்த வீட்டு டப்பா காலியாகிறது, எந்த வீட்டு டப்பாவை யாரும் தொடவில்லை என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். நான் ஒரு தடவை பார்த்தேன். மூடி திறந்தபடி அப்படியே இருந்த டப்பாவைத் திரும்ப மூடிக்கொண்டிருந்த பெண்ணின் முகம் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சுண்டல் எதற்கு, வேறு ஏதாவது கொடுக்கலாமே என்பீர்கள். பயறில் புரதம் இருக்கிறது, இரும்புச்சத்து இருக்கிறது, வயிறு ரொம்ப நேரம் தாங்கும், விலையும் கட்டுப்படியாகும். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019 முதல் 2021 வரை எடுத்ததில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளிலும் பெண்களிலும் சரிபாதிக்கு மேல் இரத்தசோகை. பயறிலும் கீரையிலும் உள்ள இரும்பு உடம்பில் சேர வைட்டமின் சி கூட வேண்டும், அதனால் சுண்டலில் எலுமிச்சம்பழம் பிழிந்துவிடுங்கள், நெல்லிக்காய் கிடைக்கிற மாதங்களில் ஆளுக்கு ஒரு துண்டு உப்புத் தொட்டுக் கொடுங்கள். சாப்பாட்டோடு சேர்த்து டீ குடித்தால் அந்த இரும்பு சரியாகச் சேராது. பெற்றோர் கூட்டத்தில் இதை மட்டும் சொன்னால்கூடப் போதும், நம் வீடுகளில் காலைப் பலகாரத்தோடு பிள்ளைக்கும் டீ கொடுக்கிற பழக்கம் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. மதிய உணவில் பள்ளி நாள்தோறும் முட்டை வருகிறது, அதை ஒதுக்குகிற பிள்ளைகளை மட்டும் கவனியுங்கள். முட்டை சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகளுக்கு வாழைப்பழம் தருவதற்கு வழி இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் நம்ம ஊர்ச் சாப்பாடு பற்றி ஒன்று. செட்டிநாடு என்றாலே காரம், எண்ணெய், மிளகுக் கோழி என்று வெளியூர் ஓட்டல் போர்டுகள் ஊரெல்லாம் பரப்பிவிட்டன, நம் பிள்ளைகளும் அதையே நம்புகிறார்கள். வீட்டில் அப்பத்தா சமைக்கிற சாப்பாடு அது இல்லை. வெண்டைக்காய் மண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி கழுவின தண்ணீரில் புளியைக் கரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் வெண்டைக்காயும் ஊறின மொச்சையும் போட்டு வற்ற வைக்கிறது. அதில் காய், பயறு இரண்டும் வந்துவிடுகிறது. கோசமல்லி, இட்லிக்கும் இடியாப்பத்துக்கும் தொட்டுக்கொள்கிறது, மசித்த கத்தரிக்காய்தான் அது. கத்தரிக்காயைப் பொரியலில் பொறுக்கி ஒதுக்குகிற பிள்ளை கோசமல்லியில் அது இருப்பதே தெரியாமல் இரண்டு கரண்டி சாப்பிடும், நான் பார்த்திருக்கிறேன். கும்மாயம், வறுத்த உளுந்தும் பாசிப்பருப்பும் கொஞ்சம் பச்சரிசியும் அரைத்த மாவைக் கருப்பட்டித் தண்ணீரில் கிளறி நெய் விடுவது, வளர்கிற பெண்பிள்ளைக்கு நம் வீடுகளில் முன்பு கொடுத்தது.

அதே நேரத்தில் நம்ம ஊர்ப் பண்டம் என்பதற்காக எல்லாவற்றையும் நல்லது என்று சொல்லிவிட முடியாது. வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், மசாலா சீயம், அதிரசம், தேன்குழல், சீப்புச் சீடை எல்லாம் எண்ணெயில் பொரிப்பது. விசேஷத்துக்கு என்று இருந்தவை. கல்யாண வீட்டிலும் தீபாவளியிலும் இரண்டு சாப்பிடுவது வேறு, பேக்கரியிலும் பலகாரக் கடையிலும் வருஷம் பூராவும் கால் கிலோ பொட்டலமாக வாங்கி டிவி முன்னால் வைத்துக்கொள்வது வேறு. கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் வெள்ளைச் சர்க்கரைக்குக் கொஞ்சம் மேல் என்றாலும் அவையும் சர்க்கரைதான். கவுனி அரிசி நல்ல அரிசி, ஆனால் நாம் அதைச் சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் சேர்த்து இனிப்பாகத்தான் சாப்பிடுகிறோம், அதனால் 'கவுனி சாப்பிட்டால் சர்க்கரை நோய் வராது' என்று யாராவது கூட்டத்தில் சொன்னால் மரியாதையாகத் திருத்துங்கள்.

சர்க்கரை என்றதும் ஒரு சின்ன விஷயம், இதைக் கண்டிப்பாகச் செய்து பாருங்கள். 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளிலெல்லாம் 'சர்க்கரைப் பலகை' வைக்கச் சொன்னது, எந்தப் பானத்தில், எந்தத் தின்பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று எழுதி மாட்டுவது. உங்கள் பள்ளி அந்த வாரியம் இல்லை, பரவாயில்லை, நல்ல யோசனையை எங்கிருந்தும் எடுக்கலாம். ஆனால் எழுதி மாட்டினால் போதாது. நாங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளையே செய்ய வைத்தோம். ஒரு பையன் கீழே கிடந்த மாம்பழ ஜூஸ் காலிப் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தான், 200 மில்லி. பின்னால் பொடி எழுத்தில் 100 மில்லிக்குச் சர்க்கரை 13 கிராம் என்று இருந்தது. கணக்குப் போட்டார்கள், 26 கிராம். ஒரு டீஸ்பூன் சுமாராக 5 கிராம். சத்துணவுக் கூடத்திலிருந்து சர்க்கரை வாங்கி வந்து ஒரு டம்ளரில் ஒவ்வொரு ஸ்பூனாகப் போட்டார்கள், ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றது. அந்த டம்ளரை மேசையில் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நான் ஒன்றும் பேசவில்லை. குழந்தைக்கு ஒரு நாள் முழுக்கச் சேர்க்கிற சர்க்கரையே 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்பதை மட்டும் பலகையில் எழுதினேன். அன்றைக்குச் சாயங்காலமே மூன்று பிள்ளைகள் வீட்டு பிஸ்கட் கவரைக் கொண்டுவந்து 'இதுக்குக் கணக்குப் போடலாமா டீச்சர்' என்றார்கள்.

வாசல் கடைக்கு வருகிறேன். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் போட்ட விதிப்படி, கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் அதிகமுள்ள பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது. உங்கள் குழுவில் யாராவது இதைக் கையில் வைத்துக்கொண்டு உடனே புகார் கொடுக்கலாம் என்பார்கள். கொடுக்கலாம், சட்டம் உங்கள் பக்கம். ஆனால் நம் ஊரில் பள்ளி வாசலில் கடை போட்டிருப்பது பெரும்பாலும் யார்? கணவர் இல்லாத ஒரு அம்மாவோ, மகன் காசு அனுப்பாத ஒரு பெரியவரோ. முதலில் போய் உட்கார்ந்து பேசுங்கள். எங்கள் வாசல் கடைக்காரரிடம் நாங்கள் கேட்டது ஒன்றுதான்: இடைவேளை நேரத்தில் மட்டும் முன்னால் எதை வைப்பது என்பதை மாற்ற முடியுமா. அவர் கேட்டது நியாயமான கேள்வி, 'விக்கலைன்னா மிச்சத்த யாரு எடுத்துக்குவா?' முதல் மாதம் மிஞ்சினதை டீச்சர்கள் வாங்கிக்கொள்வது என்று ஒப்புக்கொண்டோம். வறுத்த கடலை, கடலை மிட்டாய், கொய்யா, கீறின மாங்காய், மார்கழி, தையில் அவித்த பனங்கிழங்கு, கோடையில் நுங்கு, அது அது வருகிற காலத்தில் நாவல்பழம், சீத்தாப்பழம். பனங்கிழங்கு வந்த வாரம் கூடை அரை மணியில் காலி. மிஞ்சினதே இல்லை. தொங்கவிட்டிருந்த பாக்கெட் சரங்கள் உள்பக்கம் போயின, முழுவதும் ஒழியவில்லை, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் கண்ணுக்கு எதிரே எது தொங்குகிறதோ அதைத்தான் பிள்ளை கேட்கும்.

பரிசுக்கும் பிறந்தநாளுக்கும் சாக்லேட் கொடுப்பதை உங்கள் குழுவே தீர்மானம் போட்டு நிறுத்திவிடலாம், இதில் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். பிறந்தநாள் பிள்ளை அன்றைக்கு விளையாட்டுப் பீரியடில் என்ன விளையாட்டு என்று முடிவு செய்யட்டும். பிள்ளைக்கு அது சாக்லேட்டைவிடப் பெரிய அதிகாரம்.

சாப்பாட்டில் கடைசியாக, கட்டாயப்படுத்துவது பற்றி. ஒரு பிள்ளை கீரையை ஒதுக்கினால் உடனே திட்டாதீர்கள், 'ஒரே ஒரு வாய்' என்று வாயில் திணிக்காதீர்கள். புதுக் காயைப் பத்துப் பதினைந்து தடவை தட்டில் பார்த்த பிறகுதான் பல பிள்ளைகள் வாயில் வைக்கும் என்பது குழந்தை உணவைப் படித்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது. என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. அது தன் கையால் விதைத்த கீரை என்றால் கதையே வேறு. நம் செம்மண்ணுக்கும் தண்ணீர்ப் பஞ்சத்துக்கும் பெரிய தோட்டமெல்லாம் வேண்டாம், கை கழுவுகிற குழாயடித் தண்ணீர் ஓடுகிற பக்கமாக ஒரு வாழை, ஒரு பப்பாளி, இரண்டு முருங்கைப் போத்து, நாலடிக்கு நாலடி ஒரு கீரைப் பாத்தி. சிறுகீரை விதையை மணலோடு கலந்து தூவினால் 25, 30 நாளில் பறிக்கலாம், ஒரு மாதம் என்பதால் பிள்ளைகளின் பொறுமைக்குள் அடங்கும். பறிக்கிற அன்று அவர்களே ஆய்ந்து கொடுக்கட்டும்.

சரி, இனி விளையாட்டு. இதுதான் எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமானது, அதனால் நீளமாகத்தான் வரும்.

ஐந்து வயது முதல் பதினேழு வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற மாதிரி உடம்பு அசைய வேண்டும், அதில் வாரத்துக்கு மூன்று நாளாவது எலும்பும் தசையும் பலப்படுகிற ஓட்டம், குதிப்பு, ஏறுதல் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வாரத்துக்கு இரண்டு விளையாட்டுப் பீரியடில் அது வராது, அதிலும் ஒன்றைக் கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்கொள்வார். அந்தக் கடனை நிறுத்துவதுதான் உங்கள் குழு தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டிய முதல் விஷயம். மிச்சத்தை வீட்டுப் பெரியவர்கள்தான் தர முடியும்.

'குடும்ப விளையாட்டு' என்றதும் அப்பாக்களுக்குப் போட்டி வைக்கலாம் என்று ஆரம்பிக்காதீர்கள். நம் பக்கம் எத்தனை வீட்டில் அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார் என்று உங்களுக்கே தெரியும். 'அப்பாவோடு ஓட்டம்' என்று நோட்டீஸ் ஒட்டிய வருஷம் ஒரு நாலாம் வகுப்புப் பையன் அன்றைக்கு மட்டும் காய்ச்சல் என்று லீவு போட்டான். காய்ச்சல் இல்லை. அதற்கப்புறம் நாங்கள் 'வீட்டார்' என்றே எழுதினோம். அம்மா, ஐயா, அப்பத்தா, ஆயா, சித்தி, மாமா, எதிர்வீட்டு அக்கா, யாராக இருந்தாலும் பிள்ளை கையைப் பிடித்துக் கூட்டிவரட்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு, பள்ளி மைதானத்தில், முக்கால் மணி நேரம். அவ்வளவுதான். மைக் வேண்டாம், பந்தல் வேண்டாம், வரவேற்புரை வேண்டாம். கோடையில் நம் வெயிலுக்கு ஐந்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், குடத்தில் தண்ணீர், பக்கத்தில் உப்பும் எலுமிச்சையும் போட்ட நீர்மோர். முதல் வாரம் எங்களுக்கு வந்தவர்கள் ஏழு பேர், அதில் நாலு பேர் பிள்ளையைக் கூட்டிப்போக வந்த அம்மாக்கள், சுவரோரமாக நின்றார்கள். நான் கிளித்தட்டுக் கோடு போட்டேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், மண்ணில் நீளமாகக் கட்டம் கட்டமாகக் கோடு இழுத்து, ஒரு கட்சி கோடுகள் மேல் நின்று மறிக்கும், இன்னொரு கட்சி தொடப்படாமல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்த் திரும்ப வேண்டும், மறிக்கிற கட்சியில் கிளியாக இருப்பவர் மட்டும் நடுக்கோட்டில் ஓடிப் பிடிக்கலாம். பந்து வேண்டாம், மட்டை வேண்டாம், ஒரு வாளித் தண்ணீர் இருந்தால் கோடு போட்டுவிடலாம். கோட்டின் மேல் நிற்கிறவர் அதிகம் ஓட வேண்டியதில்லை என்பதால் ஐம்பது, அறுபது வயதுக்காரரும் நிற்கலாம், எட்டு வயதுப் பிள்ளை அவர் கைக்கு அடியில் புகுந்து ஓடலாம்.

அன்றைக்கு ஒரு கோட்டுக்கு ஆள் குறைந்தது. சுவரோரம் நின்ற ஒரு அம்மாவை அவர் மகள் இழுத்தாள். 'ஐயோ, சேலையோட எப்படி' என்றவர், இழுத்த இழுப்பில் வந்து நின்றார். முதல் ஆட்டத்தில் கையை மட்டும் நீட்டினார். இரண்டாவது ஆட்டத்தில் முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகினார். மூன்றாவதில் அவரே கிளி. ஆறாம் வகுப்பு வரை கோ-கோ ஆடியவராம், அதற்கப்புறம் மைதானத்தில் கால் வைத்ததே இல்லையாம், மூச்சு வாங்க வந்து தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னார். அவர் மகள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இந்த இடத்தில்தான் நான் உங்களிடம் ஒன்று வற்புறுத்திக் கேட்பேன். நம் பக்கம் பெண்பிள்ளைகள் பதினொன்று, பன்னிரண்டு வயதில் வயதுக்கு வந்ததும் மைதானத்தை விட்டுப் போய்விடுகிறார்கள். யாரும் கட்டளை போடுவதில்லை, 'இனிமே என்ன ஓட்டம்' என்று வீட்டில் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். 31 வருஷத்தில் நல்ல ஓட்டக்காரிகள் எத்தனை பேரை அப்படி இழந்தேன் என்று எண்ணினால் தூக்கம் வராது. எலும்பு பலப்படுகிற வயது அதுதான், இரும்புச்சத்து அதிகம் தேவைப்படுகிற வயதும் அதுதான். நான் எத்தனை வீட்டு வாசலில் போய்ப் பேசியிருப்பேன், சில வீட்டில் மோர் கொடுத்து மரியாதையாக அனுப்பிவிடுவார்கள். அம்மாக்கள் சேலையைச் சொருகிக்கொண்டு மைதானத்தில் ஓடுவதை ஊர் பார்த்த பிறகுதான் ஏழாம் எட்டாம் வகுப்புப் பெண்களை யாரும் தடுக்கவில்லை. ஆக, அம்மாக்கள் ஆடுகிற ஆட்டங்களை வேண்டுமென்றே வையுங்கள், கயிறு இழுத்தல், பாண்டி, கும்மி, எறிபந்து. கழிப்பறை சுத்தமாக, தண்ணீரோடு, தாழ்ப்பாளோடு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது இல்லாமல் இந்த வயதுப் பெண்கள் சாயங்காலம் தங்க மாட்டார்கள். பெண்களின் விளையாட்டைப் பற்றிப் பேசுகிற பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆட்டங்களை மாற்றிக்கொண்டே இருங்கள், ஆனால் ஜெயித்தவர் தோற்றவர் பட்டியல் வேண்டாம். பச்சைக்குதிரை, பம்பரம், சாக்கு ஓட்டம், கண்ணைக் கட்டிப் பிடிப்பது எல்லாம் வரட்டும். கிட்டிப்புள் ஆடினால் சின்னப் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள், கண்ணில் பட்ட கதை எனக்குத் தெரியும். ஒரு வாரம் பெரியவர்களையே சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு ஐயா எங்களுக்குப் பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவதைக் காட்டினார், விரல் நடுங்குகிறது, ஆனால் சுண்டிவிட்டதும் பம்பரம் அவர் உள்ளங்கையில் ஏறி நின்று சுற்றியது, அந்த வாரம் முழுக்கப் பையன்கள் அவர் வீட்டுத் திண்ணையில்தான் கிடந்தார்கள். உட்கார்ந்தே இருக்க வேண்டிய முதியவர்கள் பல்லாங்குழியோடு ஓரமாக இருக்கட்டும், அவர்கள் வந்தால்தான் மற்றவர்களும் வருவார்கள். உடம்பு பெருத்த பிள்ளையையோ மெலிந்த பிள்ளையையோ எல்லோர் முன்னாலும் எடை பார்ப்பது, பெயர் சொல்லிப் பாராட்டுவது, கிண்டல் செய்வது எதுவும் அந்த மைதானத்தில் கூடாது. உடம்பைப் பற்றிய பேச்சே வேண்டாம்.

நடப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியோடு பழனிக்கு நடந்தே போகிற ஊர்க்காரர்கள் நாம், பத்து வயதுப் பிள்ளைகள்கூட அந்த யாத்திரையில் நடப்பதைப் பார்க்கிறோம். அதே பிள்ளையை அரை கிலோமீட்டர் பள்ளிக்கு வண்டியில் உட்கார வைத்துக் கொண்டுவந்து விடுகிறோம். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பெரியவர், காலை எட்டே முக்காலுக்குத் தெருமுனையில் நின்றால் பிள்ளைகள் கூட்டமாக நடந்து வந்துவிடலாம், மெயின் ரோட்டைக் கடக்கிற இடத்தில் மட்டும் இரண்டு பேர். எங்களுக்கு இரண்டு தெருவில்தான் இது நிலைத்தது, மற்ற தெருக்களில் ஆள் கிடைக்கவில்லை. இரண்டு தெருவே நல்லதுதான். மாதம் ஒரு ஞாயிறு காலையில் ஊருணியைச் சுற்றி ஒரு நடை, முடிவில் படியில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கொய்யா.

எவ்வளவு நாளில் மாற்றம் தெரியும் என்று கேட்டிருந்தீர்கள். சுண்டல் முதல் வாரமே பிடித்துவிடும். வெள்ளிக்கிழமைக்கு ஆள் சேர ஒரு பருவம் ஆகும், ஏழு பேர் நாற்பதாக எங்களுக்கு நாலு மாதம் பிடித்தது, நடுவில் இரண்டு வாரம் மூன்று பேர்தான் வந்தார்கள், அன்றைக்கும் கோடு போட்டோம். 'ஆள் வரலை, இந்த வாரம் வேண்டாம்' என்று மட்டும் ஒருநாளும் சொல்லாதீர்கள், ஒரு வாரம் விட்டால் திரும்பக் கூட்டுவது கஷ்டம்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு என்ன செய்வது என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் ஊரிலும் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடு இரண்டு மூன்றாவது இருக்கும். அந்த வீட்டு வளவு இருக்கிறதே, நடுவில் வானம், சுற்றி நாலு பக்கமும் தாழ்வாரம், மழை பெய்தாலும் நனையாமல் விளையாடலாம், கல்யாணத்துக்கு நூற்றுக்கணக்கான பேர் பந்தி உட்கார்ந்த இடம். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள், பத்துப் பங்காளிகள் இருந்தால் யாரிடம் கேட்பது என்று குழப்பமாக இருக்கும். அதனால் முதலில் சாவி வைத்துக்கொண்டு தினமும் விளக்கேற்றுகிறவரைப் போய்ப் பாருங்கள், எந்தப் பங்காளியிடம் பேசினால் காரியம் நடக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். எங்களுக்கு ஒரு வீடு அப்படித்தான் கிடைத்தது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை நனைந்தால் வழுக்கும், அதனால் ஓட்டம் வேண்டாம் என்று கும்மியும் கயிறு தாண்டுதலும் வைத்துக்கொண்டோம், விளையாடி முடித்ததும் பிள்ளைகளே தரையைத் துடைத்துவிட்டு, செருப்பு விட்ட இடத்தையும் கூட்டிவிட்டு வருவது என்று பேசிச் சாவி வாங்கினோம். நீங்களும் அப்படியே கேளுங்கள்.